தம்பியாரின் நான்கு தேர்த் திருவிழாக்கள்

பெப்ரவரி ஒன்பதாந் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெப்பநிலை ஒரு பாகை. மழை இல்லை, வட லண்டன் எட்மண்டனில் அந்த மாதத்தில் எப்போதும் இருக்கும் ஈரம் மட்டும் இருந்தது. என் தம்பியார் தாம் வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் ஷிப்டை முடித்து, திறப்புக் கொத்தை அடுத்த ஷிப்ட்காரரிடம் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டும்போது விழுந்தார். ஒரு கைதான் மாட்டியிருந்தார். வயது அறுபத்து நான்கு.

நேரத்தை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில், அந்த நேரத்தில், அவருக்கு அங்கே என்ன வேலை என்று செத்தவீட்டில் பத்தொன்பது பேர் என்னிடம் கேட்டார்கள். இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்குபவர்களுள் நீங்கள் அந்தப் பத்தொன்பது பேரும் இருப்பீர்கள். உங்களுக்கான பதில் இது. சாப்பிட இருக்கும் முன் வாசித்தால் நல்லது.

தம்பியார் வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். நான் மூத்தவன், எட்டு வயது வித்தியாசம். படிப்பில் அவர் சுமார். உதைபந்தாட்டத்தில் வலு கெட்டிக்காரர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதிலும் சுமார்தான், இடது காலால் மட்டும் அடிப்பார். இருபத்து மூன்றாவது வயதில் லண்டன் வந்தார். அகதி விண்ணப்பம் ஆறு வருடம் இழுபட்டது. உணவகத்தில் கோப்பை கழுவினார். பின்னர் பார்சல் களஞ்சியம் ஒன்றில் சேர்ந்து இருபத்தாறு வருடம் பொதிகளைத் தரம் பிரித்தார். எட்மண்டனில் வீடு வாங்கினார். திருமணமாகி ஒன்பது வருடத்தின் பின் ஒரே ஒரு மகன் பிறந்தான். அவன்தான் என் பெறாமகன்.

தம்பியாரின் குணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று அவர் மனைவி, என் மச்சாள், கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன். அவர் கடன் வாங்கமாட்டார். குடிக்கமாட்டார். பொய் சொல்லமாட்டார். ஆனால் மற்றவர்கள் தாமாக நம்பிக்கொண்ட பொய்யைத் திருத்தவும் மாட்டார்.

பெறாமகன் சிறு வயதிலிருந்தே பந்து விளையாடினான். இங்குள்ள கழகம் ஒன்று அவனைப் பத்து வருடம் பயிற்றுவித்து, பதினெட்டு வயதில் வேண்டாம் என்று அனுப்பியது. மூன்று வருடம் சின்னக் கழகங்களில் ஓடினான். இருபத்தோராம் வயதில் ஒரு முகவர் அமெரிக்காவில் இரண்டாந்தரப் பிரிவில் உள்ள ஒரு கழகத்துக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். தம்பியார் எல்லோருக்கும் சொன்னது ஒரே வசனம்: “மகன் அமெரிக்காவிலை புரொபெஷனல் பிளேயர்.” அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மிச்சத்தை நீங்கள் நிரப்பிக்கொண்டீர்கள். தொலைக்காட்சியில் எந்த வீரருக்கோ கொடுக்கும் கோடிகளை எங்கள் பெடியனின் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டீர்கள்.

அவனுடைய சம்பளத்தை இங்கே எழுதுகிறேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு டொலர். அதுவும் வருடத்தில் பத்து மாதத்துக்கு மட்டும். வரி போக ஆயிரத்து இருநூற்றைம்பது. நாளொன்றுக்கு நாற்பத்தொரு டொலர். ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தார்கள். வீசா விதிப்படி அவன் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. பின்னேரத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பந்து பழக்கி இருபது டொலர் வாங்கினாலும் குற்றம். வருட முடிவில் கழகம் விரும்பினால் வைத்திருக்கும், விரும்பாவிட்டால் துரத்தும். அவன் விரும்பினால் வேறு கழகத்துக்குப் போக முடியாது. இப்படி ஓர் ஒப்பந்தத்தை எங்கள் ஊரில் ஒரு தோட்டக்காரன் கூலியாளிடம் நீட்டியிருந்தால் அடி வாங்கியிருப்பான். அங்கே அதை நீட்டுபவர்கள் கோட் சூட் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பு என்றும் சொல்கிறார்கள்.

ஆகவே தம்பியார் மாதம் ஐந்நூறு பவுண் அனுப்பினார். களஞ்சியச் சம்பளம் போதாமல் பெற்றோல் நிலையத்தில் வாரம் நான்கு ஷிப்ட் எடுத்தார். இதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லூயிஷாமில் உள்ள என் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். நான் ஏசுவேன். என்னிடம் ஏச்சு வாங்கத்தான் எடுக்கிறாரோ என்று நான் நினைப்பதுண்டு. கடைசியில், “அண்ணை, ஆரிட்டையும் வாய் திறந்திடாதேங்கோ” என்பார்.

பெறாமகன் கையெழுத்து வைத்த அதே மாதம் கோயில் சபைச் செயலாளர் தட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். தேர்த் திருவிழா உபயத்தை இனி இந்த வீட்டார்தான் எடுக்கவேண்டும் என்றார். வருடத்துக்கு மூவாயிரத்து இருநூறு பவுண். தம்பியார் கொஞ்ச நேரம் தட்டத்தில் இருந்த வாழைப்பழத்தையே பார்த்தார். மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லும் என்று நான் குறுக்கே சொன்னேன்.

“அவன் ஓம் எண்டுதான் சொல்லுவான், அண்ணை,” என்றார் தம்பியார்.

அவனிடம் கேட்கவே இல்லை. பணத்தைத் தாமே கட்டினார். தேரன்று ஒலிபெருக்கியில் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் என்று மகனின் பெயரை மூன்று தடவை சொன்னார்கள். வடம் பிடித்துக்கொண்டிருந்த தம்பியாரின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்துக்காக அவரை மன்னிக்கலாம் என்று அப்போது தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

பிறகு ஜேர்சி. கழகம் அவனுடைய பெயர் பொறித்த ஜேர்சியைத் தொண்ணூற்றைந்து டொலருக்கு விற்றது. அதை வாங்க, அதைப் போட்டு ஓடுபவனுக்கு இரண்டு நாட்சம்பளமும் சொச்சமும் வேண்டும். அதைப் பார்த்த சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். மகன் இலவசமாக எடுத்துத் தருவான்தானே என்றார்கள். மகன் அனுப்பினான் என்று நம்பி அவர்கள் வாங்கிக்கொண்ட பதினான்கும் தம்பியார் காசு கட்டி வாங்கியவை, ஒன்று தபாற்செலவோடு எண்பத்தைந்து பவுண். வாங்கியவர்களில் ஒருவர் அளவு போதவில்லை என்று மாற்றித் தரும்படி திருப்பிக் கொடுத்தார்.

முதல் வருடம் முடிந்து வந்தபோது பெறாமகன் ஆறு கிலோ மெலிந்திருந்தான். இதை விட்டுவிடுகிறேன், இங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு உதவியாளர் வேலை இருக்கிறது, இதைவிடக் கூடச் சம்பளம் என்று தகப்பனிடம் கேட்டான். இரண்டாம் வருடமும் கேட்டான். மூன்றாம் வருடமும் கேட்டான். தம்பியார் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு வருடம் பொறு என்றார். பிள்ளையின் முன்னேற்றத்துக்காகத் தகப்பன் சொல்கிறார் என்று அவன் நினைத்தான். காரணம் எனக்குத் தெரியும். அடுத்த வருடத் தேருக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது. அமெரிக்க வீரர் எட்மண்டன் பள்ளிக்கூடத்தில் பந்துக்குக் காற்றடித்தால் தேரில் என்ன சொல்லி அறிவிப்பது?

தொலைபேசியில் நான் கத்தினேன். அவர் சொன்னது இது: “நீங்கள் கணக்குப் பாக்கிறியள், அண்ணை. சனம் என்ரை பிள்ளையைப் பாக்குது.”

கவுன்சிலில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். கணக்குப் பார்ப்பதை ஒருவர் குற்றமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் விழுந்த செய்தி கிடைத்தபோது பெறாமகன் நான்காவது பருவத்துக்கான பயிற்சியில் இருந்தான். விமான ரிக்கெற்றுக்குக் கையில் காசு இல்லை. கூட இருந்த நான்கு பெடியளும் அதே சம்பளக்காரர்கள். அவர்கள் அறுநூற்றுப் பத்து டொலர் சேர்த்து ஒருவழி ரிக்கெற் எடுத்துக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் அவன் ஒரு தோள்பையோடு வந்தான். மற்றப் பெட்டிகள் எங்கே என்று ஒரு மாமி தேடினார்.

எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவன்று வீடு நிறைந்த சனம். பெறாமகன் கதவடியில் நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். மச்சாளின் ஒன்றுவிட்ட அண்ணர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்கும்படியே சொன்னார்:

“மில்லியன் கணக்கிலை உழைக்கிற பெடியன். தகப்பனைப் பெற்றோல் ஷெட்டிலை சாக விட்டிட்டான்.”

இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்த இருவர் வீட்டிலும் அவன் பெயர் போட்ட ஜேர்சி இருக்கிறது. பெறாமகன் தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்தான். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் அவன் தோளைத் தட்டி, துக்கம் தெரிவித்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

“தம்பி, நீர் மூண்டு வருசமாச் செய்த தேரை இண்டைக்கும் சனம் கதைக்குது. இந்த வருசமும் அப்பா ஆயிரம் கட்டிப்போட்டார். மிச்சம் இரண்டாயிரத்து இருநூறு. ஆறுதலாப் பாத்துச் செய்யும்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“பெரியப்பா, நான் என்ன செய்தனான்?”

நான் அவனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேரைச் சொன்னேன், ஜேர்சியைச் சொன்னேன், இன்னும் ஒரு வருடம் பொறு என்றதன் காரணத்தையும் சொன்னேன். அவன் அழவில்லை. சப்பாத்தால் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றான்.

“நான் ஃபுட்போல் விளையாடப் போனனான், பெரியப்பா. தேர் இழுக்கப் போகேல்லை,” என்றான். பிறகு, “அப்பாவை ஏசாதேங்கோ,” என்றான்.

ஏசுவேன் என்றேன். அப்படியானால் எல்லாரையும் சேர்த்து ஏசுங்கோ, எழுதுங்கோ என்றான். இம்மலரில் இதை எழுத அனுமதி தந்தவன் அவன். மச்சாளும் மறுக்கவில்லை.

ஏழு நாளுக்கு மேல் லண்டனில் நின்றால் சம்பளம் இல்லை என்று கழகம் செய்தி அனுப்பியிருந்தது. அவன் நின்றான். பதினாறாம் நாள், இரு தரப்பும் மனமொத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு செய்தி. அவன் மனம் ஒத்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்போது பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். காற்றடிப்பதும் அதில் அடங்கும். சிரிக்க விரும்புபவர்கள் இன்றே சிரித்து முடியுங்கள்.

மூன்று வருடத்தில் அமெரிக்கக் கழகம் வரி போக அவன் கையில் கொடுத்தது, இன்றைய மாற்று வீதத்தில், இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பவுண். அதே காலத்தில் மாதக் காசு, தேர், ஜேர்சி, இந்த வருட முற்பணம் எல்லாமாகத் தம்பியார் செலவழித்தது இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. அவன் பெயரில் கழகத்தைவிடக் கூடச் செலவழித்தது தகப்பன்தான். மகன் தகப்பனைச் சாக விட்டான் என்று இனி யாராவது சொல்வதானால் இந்த இரண்டு தொகையையும் வாசித்துவிட்டுச் சொல்லவும்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் சிலர் உள்ளனர். பெற்றோல் நிலையத்தில் திறப்புகளை வாங்கிய சோமாலிய இளைஞர், அம்புலன்ஸ் வரும் வரை தம்பியாரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கானா நாட்டு அம்மையார் எட்டு நாளும் மச்சாளைத் தனியே விடவில்லை. அமெரிக்காவில் அந்த நான்கு பெடியள். வேறு ஒருவரையும் எனக்கு நினைவில்லை. மலர்வளையங்கள் முப்பத்திரண்டு வந்தன. வைக்க இடம் இருக்கவில்லை.

சென்ற வாரம் நான் கோயிலுக்குப் போனேன். சாவுத் துடக்கு என்பதால் உள்ளே போகவில்லை. அலுவலக வாசலுக்கு வெளியே நின்று செயலாளரைக் கூப்பிட்டேன். கட்டிய ஆயிரத்தைத் திருப்பித் தருவதில்லை என்றார். தம்பியாரின் காசை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. மிச்சத்தை நான் கட்டுகிறேன், ஆனால் மகனின் பெயர் வேண்டாம், தகப்பனின் பெயரையும் அவர் செய்த வேலையையும் சொல்லவேண்டும் என்றேன்.

“மைக்கிலை வேலையைச் சொல்லுறேல்லை, அண்ணை. பேரும் ஊரும்தான்.”

“மூண்டு வருசமா ‘உதைபந்தாட்ட வீரர்’ எண்டு சொன்னியள். அது எந்த ஊர்?”

“மகன்ரை பேரிலை தேர் நோட்டீஸ் அடிச்சாச்சு,” என்றார்.

“திருப்பி அடியுங்கோ.”

“அதுக்கு ஆர் காசு குடுக்கிறது?”

இன்னும் மூன்று மாதத்தில் தேர். பார்சல் களஞ்சியத்திலும் பெற்றோல் நிலையத்திலும் உழைத்த என் தம்பியாரின் உபயம் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்வார்கள். எழுதி வாங்கியிருக்கிறேன். ஐம்பது பென்ஸ் கற்பூரத்துக்கு மேல் அந்தக் கோயிலுக்கு நான் இதற்கு முன் ஒருநாளும் கொடுத்ததில்லை. உபயத்தின் மிச்சம் இரண்டாயிரத்து இருநூறு, நோட்டீஸ் திருப்பி அடித்ததற்கு நூற்றெண்பது. ஆக நான் கட்டியது இரண்டாயிரத்து முந்நூற்றெண்பது பவுண்.