இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் ஒரு வீடு

காலை ஆறு ஐம்பது. மாடிப்படியில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். ஏழெட்டு ஜோடி, எல்லாம் ரப்பர் செருப்பு. ஒரு ஷூகூட இல்லை.

தண்டலத்தில் மகள் சேர்ந்திருந்த கல்லூரிக்கு நடந்தே போகும் தூரத்தில் இருந்தது அந்த வீடு. மறுநாள் ஞாயிறு; அதற்கு அடுத்து திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம். விடுதியில் இடம் இல்லை. எட்டரைக்குக் கல்லூரிக் கேட்டை மூடிவிடுவார்கள். எங்கள் ஊரான செங்கல்பட்டிலிருந்து அதற்குள் வந்து சேர்வது சந்தேகம். அவளும் அவள் அம்மாவும் இங்கே தங்குவதென்று முடிவு செய்திருந்தோம். பார்த்த வீடுகளெல்லாம் கம்பெனிப் பையன்களுக்குப் போயிருந்தன. இந்த வீட்டுக்காரர் மட்டும் குடும்பம் வேண்டும் என்றார். தண்ணீர்ச் செலவு குறையுமாம். வீடு காலி, ஆனால் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தார். ஐந்து பாய்கள் விரித்தபடி கிடந்தன. ஜன்னல் கம்பியில் பனியன்கள். பகல் ஷிஃப்ட் போயாயிற்று, இரவு ஷிஃப்ட் இன்னும் திரும்பவில்லை. காலி என்றீர்களே என்று கேட்டேன். நாளை சாயங்காலம் காலியாகிவிடும், அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை என்றார்.

அன்று கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு மூன்று இளைஞர்கள் படியேறி வந்தார்கள்.

"சார் தண்ணி டேங்க் பாக்க வந்துகீறாரு" என்றார் வீட்டுக்காரர்.

"டேங்க் மேலல்லா இருக்கு, ஓனரே" என்றான் முன்னால் வந்தவன். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"பாய்க்கு அடியில தேடுதாவ போல" என்றான் பின்னால் நின்றவன்.

முதலாமவன் யாருக்கு வீடு என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "ஒரு வாரம் பொறுப்பியளா, அண்ணாச்சி? எங்களுக்கு நாளைக்கு ஒரு நாளுதான் லீவு. ஒத்த நாள்ல எங்க போய் வீடு பாக்கது?" என்றான்.

"அவனுங்க கெடக்கறானுங்க சார். நீங்க நாளைக்கே சாமான எறக்குங்க" என்றார் வீட்டுக்காரர்.

வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்து, ஒரு வாரம் வீட்டிலிருந்தே போய்வர முடியுமா என்று கேட்டேன். பிறகு வீட்டுக்காரரிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். அதுவரை வீட்டை வைத்திருப்பதாக அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மகள் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலிறங்கி, ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு பஸ், தண்டலத்துக்கு இன்னொரு பஸ் என்று போனாள். கேட் மூடியிருந்தது.