இரண்டாவது நாற்காலி

1994 ஜூன் கணக்குப்படி, திருவிடந்தைக்கு வடக்கே உள்ள குப்பத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் பணியிடங்கள் இரண்டு. இருந்த ஆள் ஒன்று. அந்த ஒரு ஆள் ஜோதிலட்சுமி. வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் செங்கல்பட்டு, கல்யாணம் ஆகவில்லை, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைக்குப் பின்னால் வாடகை அறை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் 'காலிப் பணியிடம்' என்று எழுதியிருந்தது.

ஐந்து வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே கூடம். பெரிய வகுப்புக்குப் பெருக்கல் சொல்லித் தரும்போது ஒன்றாம் வகுப்பு மணலை வாரி இறைக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், மூலையில் கிடந்த இரண்டாவது நாற்காலியைக் காட்டி, "அமிர்தா டீச்சர் பாத்துகினே இருக்காங்க" என்றாள். கூடம் கப்சிப் ஆனது.

விளையாட்டாகச் சொன்னதை அவள் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள். தினமும் பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அமிர்தவல்லியை உண்டாக்கினாள். மதுராந்தகத்துக்காரி. தன்னைவிட மூன்று வயது மூத்தவள். இடது காதோரம் மச்சம், கையில் குடை, செவ்வாய்க்கிழமை பச்சைப் புடவை. அவளுக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைப்பாள்.

"இன்னா டீச்சர், பையிக்கும் டிக்கெட் போடட்டா? ஜன்னலோர சீட்ட அது புடிச்சிகினு கீது" என்றான் கண்டக்டர் கலையரசன்.

"அது ஆளுக்குப் போட்ட எடம்."

"ஆளு எங்க ஏறும்?"

"ஏறியாச்சு. நீ விசில் குடு."

எட்டு மாதம் ஜோதிதான் அவளைப் பேச வைத்தாள். பிப்ரவரியில் ஒரு காலை, கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து குரல் தானாக வந்தது. "சும்மா கடன் வாங்கு, கடன் வாங்குன்னா புள்ளைங்களுக்கு இன்னா புரியும்? புளியங்கொட்டை எடு. பத்துப் பத்தா கட்டு. ஒரு கட்டைப் பிரிச்சிக் காட்டு." அது ஜோதிக்கு எந்தக் காலத்திலும் தோன்றாத யோசனை. மறுநாள் புளியங்கொட்டையோடு வந்தாள். பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

அதன்பிறகு பள்ளியில் இரண்டு பேர். அமிர்தவல்லி கறாரானவள். பாராட்ட மாட்டாள்; தவறைச் சொல்லாமல் விடவும் மாட்டாள். பதினொரு மணிக்கு ஆயா செங்கம்மாள் டீ கொண்டுவந்தால் இரண்டு டம்ளர் வரும். ஏன் என்று செங்கம்மாள் கேட்டதில்லை. ஆறிப்போன இரண்டாவது டீயையும் ஜோதிதான் குடிப்பாள்.

ஆறு வருடம் இப்படிப் போயிற்று. 2000 ஜூலையில் ஜெபகுமார் என்பவருக்குப் பணி ஆணை வந்தது. நல்ல மனிதர், குரல்கூட உயர்த்தாதவர். சிவப்பு மையை அடித்து, அதன்மேல் அவர் பெயரை எழுதியவள் ஜோதிதான். அவர் அந்த இரண்டாவது நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். செங்கம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"மூணு டம்ளர் இருக்கே டீச்சர், வேற யாராவது வராங்களா?" என்றார் ஜெபகுமார்.

முன்வரிசையிலிருந்து ஜெஸ்ஸி என்ற மூன்றாம் வகுப்புப் பெண் எழுந்தாள். "அது அமிர்தா டீச்சருது சார். நீங்க அவங்க சேர்லதான் குந்திகினு கீறீங்க."

ஜெபகுமார் பதறி எழப்போனார். "அய்யோ, மன்னிக்கணும். யாருங்க அவங்க?"

ஜன்னல் பக்கம் அமிர்தவல்லி நின்றிருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, பச்சைப் புடவை. குடையை ஊன்றிக்கொண்டு, ஜோதி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க சார்" என்றாள் ஜோதி. "அப்படி யாரும் இல்ல. புள்ளைங்கள அடக்க நான் சொன்ன பொய்."

செங்கம்மாள் மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ஜோதி திரும்பிப் பார்த்தபோது ஜன்னலோரம் சுவர் மட்டும் இருந்தது.

'அப்புறம் சொல்றேன் சார்' என்றிருந்தால் போதும். அந்த மனிதர் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார். பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தாள், அவ்வளவுதான். அமிர்தவல்லி தானாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் அல்ல. ஜோதிக்கு ஆள் தேவைப்பட்டது, உண்டாக்கினாள். வெட்கம் வந்தது, நாற்பது பிள்ளைகள் முன்னால் இல்லை என்றாள். செத்தவர்களுக்காவது பதினாறாம் நாள் காரியம் என்று ஒன்று உண்டு. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மறுபடி பஸ்ஸில் பையை வைத்துப் பார்த்தாள். பச்சைப் புடவையை, மச்சத்தை, குடையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பல மாதம் கழித்து ஒரு குரல் கேட்டது. "பரவாயில்ல ஜோதி" என்றது. ஜோதிக்கு உடனே தெரிந்துவிட்டது, அது தன் குரல்தான். அமிர்தவல்லி எதையும் பரவாயில்லை என்று விட்டவளே அல்ல.

2001 மே மாதம் மாறுதல் கலந்தாய்வுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எல்லப்பன் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க சர்வீஸுக்கு செங்கல்பட்டு டவுன்லயே எடம் கீதும்மா. வூட்டுலேர்ந்து நடந்தே போலாம்."

"அங்க மத்த போஸ்ட்டெல்லாம் ஃபுல்லா சார்?"

"ஃபுல்லு. தொந்தரவே இல்ல."

"அப்ப வேணாம். ரெண்டு போஸ்ட்டுல ஒண்ணு காலியா கீற ஸ்கூல் ஏதாவது சொல்லுங்க."

எல்லப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் அத வேணாம்னு தாம்மா இங்க வந்து அழுறாங்க. நீ இன்னா, கேட்டு வாங்குற?"

"நான் பண்ண தப்பு ஒண்ணு கீது சார்."

அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே எட்டு கிலோமீட்டர், நாளைக்கு மூன்று முறை மட்டும் பஸ் போகிற ஊர் ஒன்றைக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அங்கேயும் ஒருநாள் யாராவது பணி ஆணையோடு வரலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூன் முதல் வாரம் பணியில் சேர்ந்தாள். அந்தப் பள்ளியில் இருந்தது ஒரே நாற்காலி. இன்னொன்று வேண்டும் என்று அன்றே ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.