வலை விழாத இடம்

சேற்றைப் படிக்க ஒரு மனுசி வெளிநாடு போவாளா என்று வாவிக்கரையோர டச்பார்ப் பக்கத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. பிறெண்டா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வுகூடத்தில், தானும் பட்டதாரியாக இருந்தும், மற்றவர்கள் பட்டம் வாங்குவதற்காகக் கண்ணாடிக் குவளை கழுவிக் கழுவியே அவளுடைய இளமை போய்விட்டது. இப்போது வயது முப்பத்திநாலு. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, முழுச் செலவையும் தானே ஏற்றுக் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஒரே ஒருவரை எடுக்கப்போகிறது. முப்பத்தைந்து ஆனவர் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு இது கடைசிக் கதவு.

அவள் எழுதிக்கொடுத்த ஆய்வு இதுதான். வாவியின் அடிச்சேற்றில் பழைய புயல்கள் வரிவரியாகப் படிந்து கிடக்கின்றன. உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நேராக இறக்கி எடுத்தால், எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கீழே ஒரு வரி, சுனாமி மேலே ஒரு வரி. அந்த வரிகளைப் படித்தால் இனி வரப்போகும் புயல்களைப் பற்றியும் ஏதாவது சொல்லலாம். ஆனால் சேறு கலைந்திருக்கக் கூடாது. வலையும் நங்கூரமும் கிளறிய சேறு எதற்கும் உதவாது.

அதனால் நண்டு பிடிக்கும் லூர்துவிடம் போய், வாவியில் எங்கே வலை போடுவதில்லை என்று கேட்டாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வவுணதீவுப் பக்கம் கையைக் காட்டினார். அவள் சந்தோசத்தில் துள்ளினாள். ஏன் போடுவதில்லை என்று கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

"சேத்துக்கும் வெள்ளைக்காரன் பட்டம் குடுக்கிறானா புள்ள? எங்கட வளவுக்குள்ளயும் கிடக்கு, அள்ளிட்டுப் போங்களன்," என்று போகும் வழியெல்லாம் பகிடி பண்ணிய மனிதர், அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். இயந்திரத்தை நிறுத்திக் கோலை ஊன்றினார். உச்சிவெயில். காற்றில்லை. நீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது.

பிறெண்டா குழாயை இறக்கினாள். தூரத்தில் நண்டுக்கூடு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுத் தங்கள் தோணிகளில் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். எவரும் கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை.

"என்ன அங்கிள், எல்லாரும் என்னையே பாக்கிறாங்க?"

"பாக்கட்டும். நீங்க வந்த வேலையப் பாருங்க."

கரைக்கு வந்ததும் தோணிக்கூலியை நீட்டினாள். "இதுக்குப் போய்க் கூலி வாங்குவனா?" என்று லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வளாகத்தின் குளிரறை பழுது. குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத பின்னறையில் ஒரு வாளிக்குள் நிறுத்தி வைத்தாள். அது டடியின் பட்டறையாக இருந்த அறை. தச்சுவேலை செய்ததால் ஊரார் பாஸ் என்று கூப்பிட்ட அவளுடைய தகப்பன் யூஸ்டஸ், பிறெண்டா கைக்குழந்தையாக இருந்த தொண்ணூறாம் ஆண்டில், யுத்தத்தின் நடுவில், வவுணதீவில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போனார். போனவர் போனவர்தான். "வேலைக்குப் போனவர்" என்பதற்குமேல் மம்மி பட்ரிசியா ஒரு சொல் சொன்னதில்லை. செத்தவர்களுக்கான பூசையும் அவருக்குக் கொடுத்ததில்லை.

அன்று மம்மி வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க எடுத்த நீ?"

"வவுணதீவுப் பக்கம். இது எழுபத்தெட்டுப் புயல் மம்மி. மேல கிடக்கிறது சுனாமி."

"நடுவில தொண்ணூறும் கிடக்குமா?"

"ஓம், இந்தா, இவ்விடம்." பிறெண்டா உற்சாகமாகப் பேனையால் தொட்டுக் காட்டினாள். பட்ரிசியா அந்த இடத்தில் விரலை வைத்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு குமிழி ஏறி, மேலே வந்து உடைந்தது. உதடு பிரிவதைப்போல ஒரு சின்னச் சத்தம்.

சேற்றில் வாயு இருக்கும், குமிழி வரும். அது பிறெண்டாவுக்குத் தெரியும். தெரிந்தும் பேனையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்னறையில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மம்மி கதிரையை இழுத்துப் போட்டு, குழாயின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேசியது தமிழல்ல, பறங்கியர் வீட்டுப் பழைய போர்த்துக்கேயம். டடியோடு மட்டும் பேசிய மொழி, அவர் போன பிறகு அந்த வீட்டில் எவர் காதிலும் விழாத மொழி. மம்மி ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். குமிழி உடைந்தது. வெட்கப்பட்ட இளம்பெண்போலத் தலையைக் குனிந்து சிரித்தாள்.

பிறெண்டா துறைக்கு ஓடினாள்.

"லூர்து அங்கிள், அந்த இடத்தில என்ன கிடக்கு?"

அவர் கையிலிருந்த கூடு நழுவியது. "என்ன புள்ள இப்படிக் கேக்கிறீங்க? தெரிஞ்சுதானே வந்தீங்க?"

"என்னத்தத் தெரிஞ்சு?"

"யூஸ்டஸ் பாஸ்ட மகள் குழாய் இறக்கித் தகப்பனத் தேடுறா எண்டுதானே துறையில எல்லாரும் நினைச்சம். படிப்பெண்டு சொல்றது வெளிப்பேச்சுக்கு எண்டு..." அவர் குனிந்து கூட்டை எடுத்தார். "அந்த வருசம் அதில வலை இழுத்தவங்களுக்குத் தெரியும். வலையில வந்தது ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. ஒருத்தர்ர இடுப்பில உளி செருகிக் கிடந்திச்சு. துவக்கோட நிண்டவங்க கரைக்கு ஏத்த விடயில்ல. அதோட அதில வலை போடுறத்த விட்டுட்டம். மம்மிக்கிட்ட அப்பவே வந்து சொன்னன். 'அவர் வேலைக்குப் போனவர்' எண்டு கதவச் சாத்திட்டா."

நேர்முகம் நெருங்கிவிட்டது. குழாயை நெடுக வெட்டித் திறந்து, வரிகளைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பிறெண்டா வெட்டுக் கருவியோடு பின்னறை வாசலில் நின்றாள்.

"வெட்டு மகள்," என்றாள் பட்ரிசியா. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "உன்ர வாழ்க்கை அது. அந்தத் தொண்ணூற மட்டும் எனக்குத் தா."

கருவி கையிலிருந்து விழுந்தது. பிறெண்டா தாயின் மடியில் முகம் புதைத்து, முப்பத்துச் சொச்சம் வருட அழுகையையும் ஒன்றாக அழுதாள்.

அடுத்த நாள் தாயும் மகளும் லூர்துவின் தோணியில் போனார்கள். குழாயை நீருக்குள் ஆழ்த்தி மூடியைத் திறந்தாள் பிறெண்டா. சேறு வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெறுங்குழாயைத் தோணிக்குள் எடுத்து வைத்த பிறகும், அந்த இடத்தில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தன.

நேர்முக நாளில் கணினித் திரையில் மூன்று முகங்கள். மாதிரி எங்கே என்று கேட்டார்கள். எடுத்ததையும் திருப்பி விட்டதையும், அங்கே கிடப்பவர்களைப் பற்றியும் பிறெண்டா ஒளிக்காமல் சொன்னாள். பிறகு தலைவர் மெல்லச் சொன்னார். அந்த இடம் வேண்டாம். அதே வாவியில் கலையாத சேறுள்ள வேறோர் இடத்தைக் காட்டினால் போதும். அதுவரை முடிவை நிறுத்தி வைக்கலாம்.

செத்துப்போன நம்பிக்கைக்கு உயிர் வந்தது. வாவியின் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு லூர்துவிடம் ஓடினாள்.

"அங்கிள், வேற எங்க வலை போடாம விட்டிரிக்கிறீங்க?"

லூர்து வரைபடத்தில் விரலை ஊன்றினார். வாயைத் திறந்தார். "இதில... வேண்டாம் புள்ள." விரல் நகர்ந்தது. "இதுவும் வேண்டாம்." மறுபடி நகர்ந்தது, நின்றது, எழுந்தது. வரைபடம் முழுக்க விரல் போய்ப்போய் நின்றது.

பிறெண்டா அந்த விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

அன்று மாலை பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். கலையாத சேறு எங்கள் வாவியில் நிறையவே இருக்கிறது, என்னால் அதைத் தொட முடியாது, என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.