உத்தமபாளையம் பேண்டு செட்டோடு இரண்டு நாள்

2004, தை மாதம். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் ஏறினோம். ஆவணப்படம் எடுக்கும் இயக்குநர் சேகர், கேமராமேன் அந்தோணி, ஒலிப்பதிவுக்கு நான். மைக் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். அதற்கும் லக்கேஜ் போட வேண்டும் என்றார் கண்டக்டர். மடியில் இருப்பதற்குமா என்று கேட்டேன். மடி பஸ்ஸில்தானே இருக்கிறது என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் காற்றே வேறு. தேனியில் பஸ் கால் மணி நேரம் நின்றது. காய்கறி மூட்டைகள் ஏறின, மூட்டைக்காரர்களுக்கு இடமில்லை. சின்னமனூருக்கு அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் வயல், வாழை, திராட்சைப் பந்தல். பந்தலுக்குள் எல்லோரும் குனிந்தே நடக்கிறார்கள். பத்து மணிக்கு உத்தமபாளையத்தில் இறங்கினோம்.

அங்கே ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. கற்றல் குறைபாடு உள்ள ஏழு பெரியவர்கள் சேர்ந்து அதில் பேண்டு செட் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் படம். மையத்து ஆண்டு விழாவைத் தவிர அதுவரை எங்கும் வாசித்ததில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம், வெளியாட்கள் நம்பிக் கூப்பிட்ட முதல் ஊர்வலம். கல்யாண வீட்டார் அரைமனதாகத்தான் சம்மதித்தார்களாம். பயிற்சி கொடுக்கும் பாத்திமா டீச்சர் தான் பொறுப்பேற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரிய டிரம் அடிப்பவர் முருகேசன். முப்பது வயது, முறுக்கிய மீசை. மற்ற ஆறு பேரும் டீச்சரின் கையைப் பார்ப்பதில்லை, முருகேசனின் டிரம்மைக் கேட்டுத்தான் வாசிக்கிறார்கள். அது நின்றால் எல்லாமே நிற்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஒத்திகையைப் படம் பிடித்தோம். ஒரு பாட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை பிசிறில்லாமல் வாசித்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. சேகர் வழக்கம்போல இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

முருகேசன் குச்சியைக் கீழே வைத்தார். "நாந்தேன் தப்பு. நாளைக்கு வரல" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் வாத்தியங்களை இறக்கி வைத்தார்கள்.

டீச்சர் எங்களைத் தனியாகக் கூட்டிப் போய் விளக்கினார். யாராவது தப்பாக வாசித்துவிட்டால்தான் இங்கே ஒரு பாட்டை மறுபடி வாசிப்பார்கள். யார் என்று கேட்க மாட்டார்கள். அந்த ஒருவருக்காக எல்லோரும் முதலிலிருந்து வாசிப்பார்கள். சரியாக வந்த பாட்டை யாரும் இரண்டு தடவை கேட்டதில்லை. சேகர் கேட்டதும் முருகேசன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் வராவிட்டால் ஊர்வலம் இல்லை. இனி யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

சேகர் கொஞ்சம் விறைப்பான ஆள். அன்றைக்கு மட்டும் முருகேசன் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க. கேமராவை ரெண்டு இடத்துல வச்சு எடுக்கணும். எங்களுக்கு ஒரே தடவையில வராது."

முருகேசன் அந்தோணியை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணனுக்கு வரலையா?"

அந்தோணி தலையை ஆட்டினார். முருகேசன் எழுந்து குச்சியை எடுத்தார். "அண்ணனுக்குத் தப்பு வந்துருச்சு. அவுகளுக்காக வாசிப்போம்."

அந்தோணி பதினைந்து வருஷமாகக் கேமரா பிடிப்பவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. சிவப்புக் கோட்டு மாட்டி ஏழு பேரும் மாப்பிள்ளையின் காருக்கு முன்னால் நடந்தார்கள். தெருவில் முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். பாவம் என்று உச்சுக்கொட்டிய ஒரு அம்மா, அடுத்த தெருவில் பேரனைத் தூக்கிக்கொண்டு தாளம் போட்டு நடந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஏதோ நானே கற்றுக்கொடுத்த மாதிரி.

பெண்ணின் தாய்மாமன் வீட்டு வாசலில் ஊர்வலம் நிற்பது வழக்கம். அங்கே நின்று வாசித்து முடித்ததும் தாய்மாமன் முன்னால் வந்து, அதே பாட்டை மறுபடி வாசிக்கச் சொன்னார். டீச்சர் ஓடிவரப் பார்த்தார், கூட்டம் விடவில்லை.

முருகேசன் குச்சியைத் தாழ்த்தினார். "யாருக்குத் தப்பு?"

தாய்மாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பா? ஒரு தப்பும் இல்லப்பா. நல்லா இருந்துச்சு, அதேன் கேட்டேன்."

முருகேசன் ஆறு பேர் பக்கமும் திரும்பினார்.

"யாருக்கும் தப்பில்லையாம். நல்லா இருக்குன்னு கேக்குறாக."

ஞாயிறு காலை பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிப் பதிவைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மதுரையில் எத்தனையோ பெரிய கச்சேரிகளைப் பதிவு செய்திருக்கிறேன். ஒன்றையும் இப்படி வழி நெடுகக் கேட்டதில்லை. தாய்மாமன் வாசலில் அந்தப் பாட்டு இரண்டு தடவை இருக்கிறது. இரண்டாவதில் முருகேசன் அடித்த அடியில் ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள் சிவப்பு எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்கிறது. எங்கள் தொழிலில் அது பிழை. படத்தில் அந்த இடத்துச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று சேகர் கேட்டார். அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.