சம்பந்திக்குப் போன தத்திச் சீட்டுகள்

“ரம்மி மாதிரியெல்லாம் கெடையாது அது. கீழ போட்ட சீட்டு நம்மகிட்டயே திரும்பி வரும்,” என்றார் காத்தவராயன். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பரசு டீயை ஆற்றியபடி, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் மாசிமகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“காலையிலயே ஆரம்பிச்சிட்டியா மாமா?”

முப்பது வருஷம் கடலுக்குப் போனவர் காத்தவராயன். படகில் ரம்மி என்றால் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவரைக் கவிழ்த்தவர் மகள் வெண்மதியின் மாமனார், சிதம்பரம் கீழ வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பூவராகன்.

பேத்தி பிறந்த மூன்றாம் மாதம், தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்தார் அவர். மருமகன் ஹரிஷ் இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தான். இரண்டிலும் பறக்கிற, சுவரைப் பிளக்கிற வீரர்கள் படம் போட்ட சீட்டு. எதற்கும் உதவாத தத்திச் சீட்டு ஆளுக்குப் பத்தோடு தொடங்கி, நடுவில் விரித்திருக்கும் நல்ல சீட்டை வாங்கி நம் சீட்டுக்கட்டில் சேர்க்க வேண்டும். முதல் பெட்டியில் வில்லன்களை யார் அதிகம் வீழ்த்துவது என்று போட்டி. எதிராளி கட்டில் தத்தியைத் திணிக்கவும் செய்யலாம். இரண்டாவதில் எல்லாரும் கூட்டு சேர்ந்து ஒரே வில்லனை அடிக்க வேண்டும்.

முதல் பெட்டியைப் பிரித்தார்கள். ஜெயித்தவர் வீட்டில்தான் பிள்ளைக்குத் தலைப்பொங்கல் என்று பந்தயம்.

“வாங்குங்க சம்பந்தி, வாங்குங்க. சீட்டு சேர சேரத்தான் பலம்!” என்றார் பூவராகன்.

வலை நிறைந்தால் சந்தோஷப்படுகிற மனுஷன் காத்தவராயன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். கட்டு செங்கல் கனத்துக்கு ஆனது. நல்ல சீட்டெல்லாம் அடியில் கிடந்து கைக்கு வரவேயில்லை. பூவராகன் வாங்கியது ஏழோ எட்டோ. தத்திகளைச் சத்தமில்லாமல் கழித்துக்கொண்டே வந்தார்.

பொங்கலன்று போனில் படம் வந்தது. பானை பக்கத்தில், பூவராகன் மடியில் பேத்தி. கீழே ஒரு வரி: ‘வலை நெறைய சீட்டு, கை நெறைய காத்து.’

காத்தவராயன் அந்தப் படத்தை அழிக்கவில்லை. போனைத் திறந்தாலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். ஹரிஷிடம் சொல்லி அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கினார். ஐஸ் பெட்டி மேல் சீட்டைப் பரப்பி, வலது கை தான், இடது கை சம்பந்தி என்று தினமும் ஆடினார். இடது கை தோற்கும் வரைக்கும் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

போன ஞாயிறு சிதம்பரத்துக்கே போனார். இந்தத் தடவை பந்தயம் மாசிமகம்.

பூவராகன் இரண்டாவது பெட்டியை எடுத்தார். “இதுல சண்டையே இல்ல சம்பந்தி. நாம ஒரே கட்சி.”

“இதுல வில்லன் அட்டையில இருக்கான். எனக்கு வேண்டிய வில்லன் எதிர்ல உக்காந்திருக்கான். மொதப் பெட்டிய எடுங்க.”

வெண்மதி சிரிப்பை அடக்கப் பிள்ளையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

காத்தவராயன் முதலில் தன் தத்திகளைக் கழித்துக் கட்டினார். மிஞ்சியது பன்னிரண்டே சீட்டு. ‘நெருப்புக் கையன்’ என்று அவர் பேர் வைத்திருந்த வீரன் மறுபடி மறுபடி கைக்கு வந்தான். வரும்போதெல்லாம் பூவராகன் கட்டில் ஒரு தத்தி விழுந்தது. ஒவ்வொன்றையும் தன் கையாலேயே நீட்டினார்.

“வாங்குங்க சம்பந்தி, வாங்குங்க. சீட்டு சேர சேரத்தான் பலம்.”

ஒன்பதாவது தத்தியில் பூவராகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது டீக்கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஹரிஷும் வெண்மதியும் இறங்கினார்கள். பின்னால் பால் புட்டிப் பையும் குடையுமாகப் பூவராகன். காத்தவராயன் பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அன்பரசு கையில் போனைத் திணித்தார். “எடுடா. பின்னால அந்தப் பையோட நிக்கிறவரும் தெரியணும்.”

படம் விழுந்ததும் பூவராகன் குரலைத் தாழ்த்தினார். “போதும் சம்பந்தி. இனிமே ரெண்டாவது பெட்டியே ஆடலாமே?”

காத்தவராயன் பேத்தியின் கன்னத்தை முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “அதப் பரண்ல போடச் சொல்லுங்க. மொதப் பெட்டியில இன்னும் தீவாளி பாக்கி இருக்கு.”