தாளில் வைத்த பொட்டு

பண்ருட்டியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன் நான். கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்து முன்பல் பாதி உடைந்தது. அடைத்தது நாலே நாளில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் பல்லையே பிடுங்கணும் என்றார்கள்.

சிதம்பரம் பல் ஆஸ்பத்திரியில் பசையை இறுக வைக்கும் நீல லைட்டைப் பிடிக்க ஒரு அம்மா இருந்தார். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றியிருந்தார். அடைக்கும் பசையில் ஒரு பொட்டைத் தாளில் வைத்து, முதலில் அதற்கு லைட் காட்டினார். உரித்தெடுத்து அடிப்பக்கத்தை ஊசியால் கீறினார்.

"அடியில இறுகல சார்" என்றார் டாக்டரிடம்.

லைட் முனையில் பழைய பசை காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்து, மறுபடி பொட்டு வைத்துக் கீறினார். கல்லாக இருந்தது.

"எல்லாருக்கும் இப்பிடிப் பாப்பீங்களாம்மா?"

"லைட்டு எரியுதுன்னு நம்பி உட்டா, விழறது உங்க பல்லுண்ணே. இனிமே முடிச்சக் கையால அவுருங்க. மாடா நீங்க, கயித்தக் கடிக்க?"

டாக்டரே சிரித்துவிட்டார். அப்புறம்தான் என் பல்லை அடைத்தார்.

நாலு நாள் பயந்து பயந்து சாப்பிட்டேன். ஐந்தாம் நாளும் அடைத்தது அப்படியே இருந்தது. ஆறு வருஷமாக இருக்கிறது.

அப்படிக் கீறிப் பார்க்க அந்த அம்மாவுக்கு யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை. டாக்டர்கூட அன்றுதான் கவனித்தார். முடிச்சு இறுகினால் என் வாய் இன்னும் கயிற்றிடம்தான் போகிறது. அந்த அம்மா நினைப்பு வந்ததும் கையால் அவிழ்க்கிறேன்.