ஒரே அப்பா பெயர், அடுத்தடுத்த அறை: சென்னையிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சொகுசுக் கப்பல் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் மேல்தளத்தில் நின்று சூரியன் மறைவதைப் படமெடுத்துப் போட்டு, 'வாழ்வில் ஒருமுறையாவது' என்று முடிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் சொந்தக் காசில் போனவர்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் சொந்தக் காசில் போனவன். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம், ஜூலையில், எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக, நானும் மனைவியும் சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம் போனோம். சன்னல் இல்லாத உள்ளறை, இருவருக்கும் சேர்த்து 68,000 ரூபாய். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மனைவி திடீரென்று அண்ணன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். செப்டம்பரில் ஆவடிக் கோயிலில் கல்யாணம். "நான் போகத்தான் போறேன். சித்தப்பா வந்தாரா, வரலையான்னு அந்தப் பொண்ணு வாசலையே பாத்துட்டு நிக்கக் கூடாது. நீங்க கப்பல்ல உக்காந்து நல்லா யோசிங்க."

அண்ணனோடு நான் பேசி ஆறு வருடம். அம்மா இறந்த அன்று நான் ஓசூரில் வேலையாக இருந்தேன். அடித்துப் பிடித்து ஆவடிக்குப் பக்கத்தில் அண்ணனூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அண்ணன் சவப்பெட்டியை மூடி ஆணியும் அடித்துவிட்டார். எல்லாரும் கொடுத்த கடைசி முத்தம் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

இனி பயணத்துக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தது ஆவடியில், எங்கள் மாதா கோயில் பங்குக்காரர்கள் எல்லாரும் போகிற டிராவல்ஸில். துறைமுகக் கட்டணம் உண்டா, ஊழியர்களுக்கான டிப்ஸ் தனியா, இலங்கை அனுமதியை யார் எடுப்பது என்று கேட்டேன். "எல்லாம் அதுலயே அடங்கிடும் சார்" என்று சொல்லி டீ வரவழைத்தார். அடங்கவில்லை. டீ வந்தால் பேச்சை நிறுத்தாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணனூரிலிருந்து துறைமுகம் இருபத்திரண்டு கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்கு வாடகைக் கார் ஏறி, ராயபுரம் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாடகை 850. ஓட்டுநர் வழியெல்லாம் எங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், கப்பலா? போறசொல்லோ எல்லாம் சிரிச்சிகினுதான் போறாங்க. வர்றசொல்லோ எவனும் வாயத் தொறக்கறதில்ல. உள்ள இன்னாதான் பண்றாங்க?"

"அதைப் பார்க்கத்தான் போகிறேன்" என்றேன்.

துறைமுகத்தில் பெட்டியைச் சோதித்து, ஒட்டுச்சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும். மருந்து, மாற்றுத்துணி, கண்ணாடி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க நாலு பேர் ஃபேமிலி சார். மத்த ரெண்டு பேரும் முன்னாடியே உள்ள போயிட்டாங்க" என்றாள்.

"எந்த ரெண்டு பேர்?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். என் பெயருக்கு மேலே அண்ணன் பெயர்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். வெள்ளானூரில் வீடு கட்டிக்கொண்டு போன அண்ணனும் அதே டிராவல்ஸில், அதே கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஒரே அப்பா பெயர், ஒரே பிறந்த ஊர். அங்கேயே நின்று டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "கூடப்பொறந்தவங்கள எப்படி சார் தனித்தனியா போடறது? நல்லாவா இருக்கும்? அதான் ஒரே புக்கிங்கா மாத்தி, பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவுல கதவு வச்சதா பாத்துக் கேட்டு வாங்கினேன்" என்றார் பெருமையாக. மாற்ற முடியாதாம், கப்பல் நிரம்பிவிட்டதாம்.

நான் நம்பவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தவள் பக்கம் திரும்பினேன். "மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள். ஆனால் அவள் முகத்தில் வருத்தம் இல்லை.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நகல் எடுத்துப் போங்கள். செலவுக்கு ஒரு அட்டை தருவார்கள். அதை நீட்டும்போது காசு போவது தெரியாது, கடைசி நாள் தெரியும். தண்ணீர் பாட்டிலுக்கும் கணக்கு உண்டு. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுக்கடலிலிருந்தும் பில் வரும்.

இரவு உணவுக்கு மேசையை அவர்களே ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு ஏழரை மணி, நான்கு நாற்காலி. நான் பதினோராம் தளத்தில் தட்டேந்தி நின்று சாப்பிட்டேன். மனைவி மட்டும் மேசைக்குப் போய்விட்டு வந்தாள்.

"அவருக்கு உடம்பு சரியில்லையான்னு உங்க அண்ணி கேட்டாங்க. ஆமா, ஆறு வருஷமா சரியில்லன்னு சொன்னேன்."

மறுநாள் கடல் ஆடத் தொடங்கியது. 'வீட்ல இருக்க மாதிரியே இருக்கும்' என்று டிக்கெட் விற்ற டிராவல்ஸ்காரர் ஜூலைக் கடலைப் பார்த்ததில்லை போலும். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், ஆட்டம் குறைவு. எங்கள் அறை முன்கோடியில். மனைவி எழவே முடியாமல் வாந்தி எடுத்தாள். கப்பல் மருத்துவரைப் பார்க்கத் தனிக் கட்டணம், அதுவும் டாலரில். மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்கி வந்திருக்க வேண்டும்.

அப்போது நடுக்கதவைத் தட்டும் சத்தம். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள், இரண்டு பேரும் திறந்தால்தான் வழி. நான் நின்றுகொண்டிருந்தேன். "தொறங்க, இல்லன்னா உங்க மேலயே எடுப்பேன்" என்றாள் மனைவி. திறந்தேன். அண்ணி மாத்திரையும் இஞ்சி மரப்பாவும் எடுத்துக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். அண்ணன் கதவிலேயே நின்றார்.

"இன்னாடா, இது உன் வேலையா?"

"உன் வேலைன்னு நான் நெனச்சிட்டு இருக்கேன்."

"எனக்கு வேற வேல இல்ல பாரு. நீதான் சொல்லி வச்சிருப்பேன்னு அந்த டிராவல்ஸ்காரன நேத்து கிழிச்சிட்டேன்."

"ரெண்டுக்கும் ஒரே மண்ட" என்றார் அண்ணி.

கப்பல் ஒருமுறை சாய்ந்தது. இருவரும் ஒரே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டோம். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் பொட்டிய மூடின?"

"ஐஸ் பெட்டில கரண்டு பூட்சுடா. மே மாச வெயிலு. அம்மா மூஞ்சி மாறிகினே வந்துச்சு. நீ வந்து பாத்தீன்னா உனக்கு அதான் கடைசி மூஞ்சி. வேணாம்னு மூடிட்டேன். நான் பாத்துட்டேன், எனக்கு இன்னும் அதான் நிக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவியா நீ? அன்னிக்குக் கரண்டு எப்ப போச்சுன்னு ஈபி ஆபீஸ்ல போய் விசாரிச்சிருப்ப."

ஆறு வருடம் கழித்து விசாரித்தால் சொல்வார்களா என்றுதான் அந்த நொடியில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஏழரைக்கு மேசைக்குப் போனேன். மீன் குழம்பில் புளியே இல்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. திருகோணமலையில் வெளியே சுற்ற நாலு பேரும் ஒரே வேன் எடுத்தோம். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவில் பாதி விலைதான். ஆனால் திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது.

சென்னையில் இறங்கும்போது அண்ணன் சொன்னார்: "பத்திரிக அடிச்சதும் மொத பத்திரிக உனக்குத்தான். ஊட்டாண்ட வந்து தரேன்."

"பாக்கலாம்" என்றேன்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்துவிட்டார்கள். பத்திரிகை வரவில்லை. அச்சகத்தில் தாமதமாம், மனைவி சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கப்பல் பயணம் போகலாமா என்றால், போகலாம். ஜனவரிக்கு மேல் கடல் அமைதியாக இருக்கும் மாதமாகப் பாருங்கள். சொன்ன விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பணம் கட்டும் முன், உங்கள் புக்கிங்கில் வேறு யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

இதைப் பெயர் போடாமல்தான் வெளியிடப்போகிறேன். பெயர் போட்டால், தம்பி ஊரறிய இறங்கி வந்துவிட்டான் என்று அண்ணன் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். பெயர் இல்லையென்றால் எழுதியது நானா இல்லையா என்று அரித்துக்கொண்டே இருக்கும். கேட்காமல் அவரால் இருக்க முடியாது. வெள்ளானூரிலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வரட்டும். பத்திரிகை இல்லாமல் வெறுங்கையோடு வந்து கேட்டால், நான் எழுதவில்லை என்றுதான் சொல்வேன்.